பேண்டு மேடையில் என் நாற்காலி

தென்னாப்பிரிக்கா, மார்ச் 1896

அன்புள்ள தாம்சின்,

நான் நலம். கார்ன்வாலில் மழை விட்டதா? உன் இருமல் குறைந்ததா?

போன வாரம் சுரங்கத்தில் ஒரு கல் தெறித்து, முன்பற்கள் இரண்டு போய்விட்டன. வேறொன்றுமில்லை. "இனி நீ கார்னெட் ஊதினா வெறும் காத்துதான்டா வரும்," என்று நம்மூர் பாஸ்கோ சிரித்தான். அந்தப் பித்தளைக் குழலை எடுத்து ஊதிப் பார்த்தேன். அவன் சொன்னது சரிதான்.

நம் ஊர் பேண்டு மாஸ்டரிடம் சொல்லிவிடு. சதுக்கத்து மேடையில் எனக்காகக் காலியாக வைத்திருக்கும் நாற்காலியை வேறு யாருக்காவது கொடுத்துவிடட்டும்.

"ஊரே கீழ ஆடுது, என் புருஷன் மட்டும் மேல உக்காந்து ஊதுறாரு" என்று திருவிழாதோறும் குறைபட்டுக்கொள்வாயே. அடுத்த கோடையில் வந்து உன்னோடு ஆடுகிறேன். முதல் பாட்டுக்கு மட்டும், மேடை என் கண்ணில் படாதபடி என்னைத் திருப்பி நிறுத்திக்கொள்.

தபால் வண்டி கிளம்புகிறது.

உன் டிகோரி