டோரீனுக்கு மட்டும் தெரிந்த பதிவு

மார்ல் பே,
ஞாயிறு காலை

அன்புள்ள ஃபெர்கஸுக்கு, அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், அண்டார்டிகாப் பனிக்கு நடுவில் நீயும் கை கால் விறைக்காமல், வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறாய் என்றே நம்புகிறேன். இதை போனிலேயே அனுப்பியிருக்கலாம், ஆனால் பத்துப் பேர் நடமாடும் கூடத்தில் நின்றுகொண்டு நீ இதைப் படிக்க வேண்டாம் என்றுதான் விமானத் தபாலுக்குக் காகிதம் எடுத்தேன். செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். நம் பக்கத்து வீட்டு டோரீனின் வீட்டுக்காரர் கிளைவ் போன படகு வியாழக்கிழமை கவிழ்ந்துவிட்டது. உயிர் இருக்கிறது. ஹோபார்ட் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார், இன்னும் கண் திறக்கவில்லை.

அன்று இறால் கூண்டுகளைத் தூக்கப் போனவர் மதியச் சாப்பாட்டுக்கு வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறார், வரவில்லை. டோரீனுக்குப் போலீஸைக் கூப்பிடக் கூச்சம், போன வருடம் அப்படிக் கூப்பிட்டபோது மனுஷன் பப்பில் உட்கார்ந்திருந்தார், ஊரே சொல்லிச் சொல்லிச் சிரித்தது உனக்குத்தான் தெரியுமே. அதனால் போனில் நம் ஊர்க் குழுவில் போட்டிருக்கிறாள், யாராவது கிளைவோட படகைப் பார்த்தீங்களா, சாப்பிட வரேன்னாரு இன்னும் காணோம் என்று. டோரீன் பேரைப் பார்த்தால் நம் ஆட்கள் என்ன செய்வார்கள்? நாயைக் கட்டு, குப்பைத் தொட்டியை உள்ளே இழு என்று தினமும் அவள் பாடுகிற பாட்டுக்குப் பழகிப்போய், படிக்காமலே புகார் பொத்தானை அமுக்கிவிட்டுப் பப்பில் சிரிப்பார்கள். ஐந்து புகார் விழுந்தால் பதிவு தானாக மறைந்துவிடும், ஆனால் எழுதினவருக்கு மட்டும் அப்படியே தெரியும். அந்த ஏற்பாடு குழுவை நடத்துகிற நான் வைத்தது. நீ கிளம்புவதற்கு முன்னால் சமையலறையில் நாம் போட்ட சண்டை நினைவிருக்கிறதா? அது பொய்மா, மூஞ்சிக்கு நேரா கதவைச் சாத்துறதே இதைவிட மரியாதை என்றாய். போடா பெரிய நியாயஸ்தா, ஒருத்தர் மனசும் நோகாம குழு ஓடுது, அது போதும் என்று உன் வாயை அடைத்தேன். இருபது வருடமாகக் கம்ப்யூட்டரில் குப்பை கொட்டுகிறவளுக்கு மகன் வந்து பாடம் எடுப்பதா என்கிற திமிர்தான், வேறென்ன.

அன்று பகல் முழுக்க எனக்கு ஆபீஸ் மீட்டிங். இப்போதெல்லாம் எங்கள் மேனேஜர் எதற்கெடுத்தாலும் இதை ஏஐ கிட்ட கேட்டீங்களா என்கிறார், அதற்குப் பதில் சொல்லியே பொழுது போய்விடுகிறது. சாயங்காலம் டீ போடும்போதுதான் மறைந்த பதிவுகளைத் திறந்தேன். டோரீனின் பதிவும் ஐந்து புகாரோடு அங்கே கிடந்தது. அப்பாவைக் கத்திக் கூப்பிட்டேன், கடித்த ரொட்டியை அப்படியே போட்டுவிட்டு மீட்புப் படகுக்கு ஓடினார். நான் டோரீன் வீட்டுக்கு ஓடினேன். அவள் போனை மடியில் வைத்துக்கொண்டு தேய்த்துத் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஊரே பார்த்திருக்கும் ஹெதர், ஒரு ஈ காக்கா கூட பதில் போடல, நான் என்ன அவ்வளவு கெட்டவளா என்றாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, நீ ஒருத்திதான் வந்தே என்றாள். எனக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போலிருந்தது. உண்மையைச் சொல்லாமல் கெட்டிலை அடுப்பில் வைத்தேன். வெளியே தென்மேற்குக் காற்று வேலியைப் பிய்த்தது, மேஜையில் ரேடியோ கரகரத்துக்கொண்டே இருந்தது. இருட்டப் போகிற நேரத்தில்தான் அப்பாவின் குரல் வந்தது, கிடைச்சுட்டாரு, மூச்சு இருக்கு என்று. கவிழ்ந்த படகை விடாமல் பிடித்துக்கொண்டே மிதந்திருக்கிறார்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குக் காரில் கூட்டிப்போகும்போது பதிவு மறைந்த விஷயத்தைச் சொல்லிவிட்டேன். திட்டியிருந்தால் தேவலை. அப்போ யாருமே பார்க்கலையா என்று கேட்டாள், ஒரு நிமிஷம் முகம் தெளிந்தது. உடனே, அந்த அஞ்சு பேரு யாரு என்றாள். புகார் செய்தவர் பேரை வெளியே சொல்லக்கூடாது என்பது எங்கள் பிழைப்பில் முதல் விதி, அதனால் அவளிடம் சொல்லாமல் அவர்களிடமே போனேன். நான்கு பேர் ஊரில் இருக்கிறார்கள். அதில் உன் அப்பா ஒருவர். படிக்கவே இல்ல ஹெதர், பேரைப் பார்த்ததும் விரல் தானா போயிடுச்சு என்று படியில் உட்கார்ந்து அழுதார், அவர் அழுது நான் பார்த்ததில்லை. நான்கு பேரும் தனித்தனியாக அவள் வாசலில் போய் நின்று சொன்னார்கள். எல்லோருக்கும் டீ கொடுத்தாள். அப்பாவிடம் மட்டும், சரி ராஸ், முதல்ல உன் காரை என் கேட்டை விட்டு எடு என்றாளாம். அந்த ஏற்பாட்டை எடுத்துவிட்டேன், இப்போது குழுவில் நாள் முழுக்கச் சண்டை, நடக்கட்டும்.

நேற்று டோரீன் மறுபடி கேட்டாள், இன்னும் ஒருத்தர் பாக்கி இருக்காரே என்று. தூரத்துல இருக்காரு, அவரே சொல்லுவாரு என்றேன். ஃபெர்கஸ், அந்த ஐந்தாவது விரல் உன்னுடையது. கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன், உன் பேர்தான். அவ்வளவு தூரத்திலிருந்து நம் ஊர்ச் சிரிப்பில் நீயும் ஒரு ஆளாக இருக்க ஆசைப்பட்டிருப்பாய், அது எனக்குப் புரிகிறது. கதவைச் செய்தவள் நான், தாழ்ப்பாள் போட்டது நீ. கிளைவ் கண் திறக்கட்டும், அப்புறம் பேசலாம் என்று காத்திருக்காதே, அவர் திறக்காமலும் போகலாம்.

ஒரு குறையும் இல்லாமல், நல்ல உடம்போடும் நல்ல மனதோடும் நீ வீடு வந்து சேர வேண்டும் என்பதுதான் எங்கள் இரண்டு பேரின் வேண்டுதலும். கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி வைத்திருக்கிறேன், ஈரத்தோடு போடாதே. டோரீன் வீட்டு எண் இந்தக் காகிதத்தின் பின்பக்கம் இருக்கிறது. அவள் எடுத்ததும் நலம் விசாரிக்காதே, முதலில் உன் பேரைச் சொல்.

உன் அம்மா,
ஹெதர்