வாஷிங் மெஷின் விற்றவன் படம் விற்ற கதை

மார்ச் 3, செவ்வாய்

பதினெட்டு வருடமாக வாஷிங் மெஷின் விற்றுக்கொண்டிருந்த என்னை இன்று காலை சினிமாவில் தூக்கிப் போட்டுவிட்டார் முதலாளி. இனி எங்கள் கடையே இணையத்தில் படம் வாடகைக்கு விடப்போகிறதாம். வீட்டு டிவியிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

"டிவிய நாம விக்கிறோம், அதுல ஓடுற படத்த எவனோ விக்கிறான். ஏன் விடணும்?"

மாடியில் ஒரு மேஜை, ஒரு போன். எந்தப் படம் பார்க்கலாம் என்று வாடிக்கையாளர் கேட்டால் நான் சொல்ல வேண்டும். மூன்று மாதத்தில் ஐந்நூறு பேர் சேராவிட்டால் பிரிவை மூடிவிடுவாராம்.

அப்போது நான்? என் பழைய இடத்துக்கு அதற்குள் ஆள் போட்டாயிற்று.

மார்ச் 4

முதலாளிக்குத் தெரியாதது: படம் போட்ட பத்தாவது நிமிடம் நான் தூங்கிவிடுவேன். கல்யாணமான புதிதில் தியேட்டரில் நான் விட்ட குறட்டைக்குப் பிறகு, மனைவி என்னைக் கூப்பிடுவதையே விட்டுவிட்டாள். தனியாகப் பார்க்கிறாள். ஒன்று விடாமல் பார்க்கிறாள்.

மார்ச் 9

முதல் போன். ஒரு பல் டாக்டர். "ஞாயித்துக்கிழமை குடும்பத்தோட பாக்க ஒண்ணு சொல்லுங்க."

பழக்க தோஷம்— "வீட்டுல எத்தன பேர் சார்? நாலுன்னா ஏழு கிலோ போதும்" என்றேன்.

"ஏழு கிலோவா?"

"கனமான கதை சார்."

எப்படிச் சமாளித்தேனோ.

மார்ச் 10

சாயங்காலம் மனைவியிடம் கேட்டேன்: "இன்னிக்கு என்ன படம் பாத்த?"

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "உடம்பு கிடம்பு சரியில்லையா?"

பிறகு ஒரு மணி நேரம் பேசினாள். என்ன பேச்சு! "அந்த ஹீரோ அழுறத பாக்கணுமே, தும்மல் வராம தவிக்கிறவன் மாதிரி இருக்கான்" என்றாள். குளியலறைக்குப் போய் எழுதி வைத்துக்கொண்டேன்.

மார்ச் 27

இருநூற்றுப் பத்துப் பேர்! "சினிமாக்காரர் இருக்காரா?" என்று கேட்டு போன் வருகிறது. "உனக்குள்ள இப்படி ஒரு ரசிகனா!" என்று முதலாளி முதுகில் தட்டினார். நெளிந்தேன்.

வீட்டில் இவள், "கல்யாணமாகி இத்தன வருஷத்துல இப்பத்தான் என்கிட்ட உக்காந்து பேசறீங்க" என்று கண் கலங்கினாள். இவள் பேச்சைத்தான் கடையில் என் பேச்சாக விற்கிறேன் என்று சொல்லிவிடலாமா? நாளைக்குச் சொல்லலாம்.

ஏப்ரல் 15

மாட்டிக்கொண்டேன்.

இவளுக்குப் பல்வலி. போனது அதே டாக்டரிடம். மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு, வாயைத் திறக்கச் சொல்லி, பேச்சுக் கொடுத்திருக்கிறார். "கடையில ஒருத்தர் இருக்காரும்மா. ஹீரோ அழுதா தும்மல் வராம தவிக்கிறவன் மாதிரி இருக்குங்கறார். என்ன ரசனை!"

வாய் மரத்திருந்ததால் அவரிடம் ஒன்றும் சொல்ல முடியவில்லை. மரப்பு தீர்ந்ததும் என்னிடம் சொன்னாள்:

"அப்ப நீங்க என்கிட்ட பேசல. வேலை பாத்திருக்கீங்க."

சண்டை போட்டிருந்தால் தேவலை. ஐயோ, அவ சொன்னது நிஜம்தானே!

ஏப்ரல் 16

பேசவில்லை.

ஏப்ரல் 17

பேசவில்லை. போனில் ஒருவர் நல்ல படம் கேட்டார். "இன்னிக்கு நேரத்தோட தூங்குங்க சார்" என்று வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 18

முதலாளியிடம் போட்டு உடைத்துவிட்டேன். "சார், அதெல்லாம் என் பேச்சில்ல. என் வீட்டம்மா பேச்சு."

கணக்கு நோட்டை மூடிவிட்டு நிமிர்ந்தார். "அப்ப அவங்களையில்ல நான் அந்த நாற்காலில உக்கார வச்சிருக்கணும்?"

வீட்டுக்கு வந்து, நின்றபடியே மன்னிப்புக் கேட்டு, முதலாளி இவளை அந்த வேலைக்குக் கூப்பிடும் விஷயத்தைச் சொன்னேன். இவள் துணி மடித்துக்கொண்டே, "சம்பளம் என் பேர்ல வரணும்" என்றாள். மூன்று நாளில் முதல் வார்த்தை. அப்பாடா!

"வரும்."

"எனக்குப் பிடிக்காத படத்த நல்லாருக்குன்னு சொல்ல மாட்டேன்."

"உன்ன யாரு சொல்ல வைக்க முடியும்?"

சிரிக்கவில்லை. ஆனால் சாப்பிடக் கூப்பிட்டாள்.

ஜூன் 2

அறுநூற்று நாற்பது பேர். பிரிவை மூடப்போவதில்லை. என்னைக் கீழ்த்தளத்தில் ஃப்ரிட்ஜ் பிரிவில் போட்டிருக்கிறார்கள். இன்று ஒரு அம்மா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "மாடியில இருக்கற சினிமா மேடத்தோட வீட்டுக்காரரா நீங்க?" என்றார். ஆமாம் என்றேன்.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்த இவள், "இன்னிக்கு உங்களுக்கு எப்படிப் போச்சு?" என்று கேட்டாள். ஃப்ரிட்ஜுக்குள் தலையை விட்டு, "ஹலோ" என்று கூப்பிட்டு, எதிரொலி வருகிறதா என்று பார்த்த பெரியவரைப் பற்றிச் சொன்னேன். வாய்விட்டுச் சிரித்தாள். "அப்புறம்?" என்றாள். அவர் மனைவி வந்து அவரை வெளியே இழுத்ததைச் சொன்னேன். "அப்புறம்?"

இரண்டு நிறுத்தம் தாண்டிப் போய்விட்டோம். நடந்தே திரும்பி வந்தோம்.