ஆட்டுக்கு இருமல்

14.3.1983, திங்கள்

ஜல்லி உடைக்கிற மெஷின் தூசு மூச்சை என்ன செய்கிறது என்று ஆராய, காலேஜிலிருந்து ஒரு பொண்ணு மூச்சை அளக்கும் ஊதுகுழாயோடு எங்கள் வாசலுக்கு வந்தது. முதல் ஆளாக வாங்கி ஊதினேன். எட்டாவதில் பெயிலானவன் இதிலாவது பாஸாக வேண்டாமா? முள் மேலே ஏறியதும் மீசையைத் தடவிக்கொண்டேன்.

"ஊட்ல வேற யாருக்காச்சும் இருமல் உண்டுங்களா?" என்று கேட்டது.

வெள்ளிக்கிழமை மகளுக்கு நிச்சயம். மாப்பிள்ளையின் மாமா பக்கத்திலேயே நிற்கிறார். இருமல்காரி மகள் என்று தெரிந்தால் கட்டுவார்களா? "யாருக்கும் இல்லீங்க" என்றேன். அந்த நேரம் பார்த்து உள்ளே என் சம்சாரம் இருமினாள்.

"அது ஆடுங்க. பின்னால கட்டியிருக்குது."

வாசலில் கூடியிருந்த எல்லாரும் சிரித்தார்கள், நானும்தான். காலேஜ் பொண்ணு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டது.

ராத்திரி சம்சாரம் சோறு போட்டாள். நான் கை கழுவும்போதுதான் சொன்னாள்: "ஆடு படுக்கப் போகுதுங்க. வெளக்க அணைச்சுப்போட்டு வாங்க."

அவளும் ஒரு தரம் ஊதியிருக்கலாம். முள் எங்கே நின்றிருக்குமோ.

இப்போது முந்தானையை வாயில் வைத்து அடக்கி இருமுகிறாள், எனக்குக் கேட்கக் கூடாதாம். பின்னால் ஆடு நன்றாகத் தூங்குகிறது.