ஹெப்சி உட்காராத வருஷம்

11 ஜூலை 1983, திங்கள்
பள்ளி திறந்து பத்து நாள், மூன்றாவது அழைப்பு. டியூட்டி முடிந்து நர்ஸ் யூனிஃபாரத்தோடு போய் நின்றேன். கணக்கு வகுப்பில் ஹெப்சி பெஞ்சுக்கு அடியில் ஊர்ந்துபோய் நான்கு பேருடைய ஷூ லேஸை அவிழ்த்திருக்கிறாள். ஏன் என்று ருக்மிணி டீச்சர் கேட்டதற்குத் தெரியாது என்றாளாம். ஏழு வயது. எனக்கும் தெரியாது. தசரா லீவுக்குள் திருந்தாவிட்டால் வேறு பள்ளி பார்க்க வேண்டுமாம்.

17 ஜூலை, ஞாயிறு
தமிழ் சர்ச்சில் ஆராதனையின் பாதியிலேயே அவளை வெளியே கொண்டுவந்தேன். தாய் வேலைக்குப் போனால் பிள்ளை இப்படித்தான் ஆகும் என்றார் பவுனு அக்கா. அவருடைய பிள்ளைகள் இரண்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தன. என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். ஜெபம் பண்ணுவோம் என்றார், பேப்பரை மடிக்காமலே.

21 ஜூலை, வியாழன்
அடித்தேன்.

22 ஜூலை, வெள்ளி
எழுதிவிட வேண்டும். நேற்று நாற்காலி போட்டு ஏறி, ஸ்டவ்வில் கொதிக்கிற பாலை ஊதிக்கொண்டிருந்தாள். மூன்று தடவை சொல்லியும் இறங்கவில்லை. இறக்கிவிட்டு அடித்தேன். இறக்கிய பிறகு ஆபத்து ஒன்றும் இல்லை — அப்புறம் எதுக்கு அடிச்சேன்? நிறுத்த முடியலயே. முதுகில் ஐந்து விரலும் தெரிந்தன. வார்டுக்கு இப்படி ஒரு பிள்ளை வந்தால், யார் அடித்தது என்று கேட்பது என் வேலை. பவுடர் போட்டுப் பள்ளிக்கு அனுப்பினேன்.

27 ஜூலை, புதன்
வேறு ஆஸ்பத்திரியில் காட்டினேன். என் ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் என்னைத் தெரியும். டாக்டர் வெங்கடேஸ்வரன் பேசி முடிப்பதற்குள் ஹெப்சி எடை மெஷினில் பதினொரு முறை ஏறினாள். ‘ஹைபராக்டிவ்’ என்றார். வேண்டுமென்று செய்யவில்லை, வளர்ப்பின் குற்றமும் இல்லை. அப்புறம் நான் எத்தனை மணி நேரம் தூங்குகிறேன் என்று கேட்டார். பேஷன்ட் நான் இல்லை என்றேன். புதன்கிழமைகளில் இந்த மாதிரிப் பிள்ளைகளின் தாய்மார் கூடிப் பேசுகிறார்கள், வாருங்கள் என்றார்.

3 ஆகஸ்ட், புதன்
போனேன். ஆறு பேர், ஆறிய டீ. மிஸஸ் குரானா என்ற பஞ்சாபி அம்மா, மகனைக் குளியலறையில் பூட்டிவிட்டு ரேடியோவைச் சத்தமாக வைத்ததாக ஹிந்தியில் சொன்னார். யாரும் அதிரவில்லை. ஒருத்தி அவர் பக்கம் பிஸ்கட் தட்டை நகர்த்தினாள். என் முறை வந்தது. ‘மைனே மாரா’ என்றேன். நான் அடித்தேன் என்று தமிழில் வந்திருக்காது. லோதி ரோடு வரை பஸ்ஸில் அழுதேன். கண்டக்டர் டிக்கெட் கேட்கவில்லை.

4 ஆகஸ்ட், வியாழன்
வீட்டுக்காரரிடம் தமிழிலேயே சொன்னேன்.
“எத்தன தடவ?”
“எண்ணல.”
பேப்பரை மடித்து வைத்தார். பிறகு சொன்னார்: “சாயங்காலம் அர மணி நேரம் நான் அவள வெளிய கூட்டிட்டுப் போகுதேன். நீ சும்மா இரி.”

5 ஆகஸ்ட், வெள்ளி
சும்மா இருந்தேன். எப்படி என்று தெரியாததால் பாத்திரம் தேய்த்தேன்.

7 செப்டம்பர், புதன்
பாத்திரம் தேய்ப்பது சும்மா இருப்பதில் சேராது என்று குரானா அம்மா கண்டித்தார். ஹெப்சியிடம் ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் சொல்கிறேன். பத்துக்கு நாலு தடவை நடக்கிறது. டாக்டரின் கடிதத்தைப் படித்த ருக்மிணி டீச்சர் அவளை முன் பெஞ்சுக்கு மாற்றி, கரும்பலகை துடைக்க விட்டிருக்கிறார். மார்ச் வரை பார்க்கலாமாம். போன சனிக்கிழமை கை ஓங்கினேன். பக்கத்து அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

12 அக்டோபர், புதன்
இட்லி மாவைத் தரையில் கொட்டிவிட்டாள். துணி எடுத்து வா என்றேன். போனவள் வரவில்லை. பால்கனியில் புறா பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் பக்கத்தில் போய் நின்றேன். மாவு எங்கேயும் போய்விடாது.