முப்பத்தொரு முறை இரட்சிக்கப்பட்டவர்

என் அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் இங்கே எல்லோரும் எழுந்து நடமாடிக்கொண்டும் ஒருவரை ஒருவர் குறை சொல்லிக்கொண்டும் சுகமாக இருக்கிறோம், நீயும் அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு, குளிரில் காதை மூடிக்கொண்டு சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். தம்பியின் போனில் பேசும்போது நீ சொல்லும்மா, சொல்லும்மா என்று அவசரப்படுத்துகிறாய், எனக்கும் சொல்ல வந்தது மறந்துபோகிறது, அதனால்தான் கடிதம். தம்பிக்குப் பரீட்சை முடிந்தது, நன்றாக எழுதியதாகச் சொல்கிறான், முகத்தைப் பார்த்தால் எனக்கு நம்பிக்கை வரவில்லை. மாடிக் குழாய் ஒழுகியதைச் சரிசெய்தாயிற்று, இப்போது கீழ்க்குழாய் ஒழுகுகிறது. என் முழங்கால் வலி பரவாயில்லை. இதெல்லாம் கிடக்கட்டும், உன் அப்பா அடித்த கூத்தைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன், நீளமாகத்தான் வரும், பொறுமையாகப் படி.

உன் அப்பாவுக்கும் என் அண்ணனுக்கும் நடக்கிற வழக்கு உனக்குத் தெரிந்ததுதான். ஒரு தடவை இரட்சிக்கப்பட்டவன் அந்த இரட்சிப்பை இழந்துபோக முடியுமா முடியாதா என்று எங்கள் கல்யாணச் சாப்பாட்டில் ஆரம்பித்தார்கள், முப்பது வருஷமாக இன்னும் கை கழுவவில்லை. உன் மாமா பஸ் டிப்போவில் வண்டி வரும் நேரம் போகும் நேரம் குறித்தவர், ஓய்வு பெற்றபிறகு தினமும் நம் மூக்குக் கண்ணாடிக் கடையில் வந்து உட்கார்ந்துகொள்கிறார். "குடுத்தவர் திரும்ப வாங்கிக்க மாட்டார் மாப்ள" என்பார். "ஒழுங்கா நடக்கலேன்னா போயிடும் மச்சான்" என்பார் உன் அப்பா. போன மாதம் ஒரு மனுஷனை நாற்காலியில் உட்காரவைத்து எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்லிவிட்டு இரண்டு பேரும் வசனத்துக்கு வசனம் மோத ஆரம்பித்தார்கள், அவர் பாவம் கடைசி வரியை மூன்று தடவை படித்துவிட்டு, நான் நாளைக்கு வரட்டுமா என்று கேட்டார். உன் அப்பாவின் மனசாட்சியும் அவர் தொழிலைப்போலத்தான், கால் பவர் வித்தியாசம் வந்தாலும் தலை வலிக்கும்.

எட்டு மாதத்துக்கு முன் நீ போனில் ஞாயிற்றுக்கிழமை வேலை இருக்கிறது என்று முதலில் சொன்னாய், பிறகு வேலை இல்லாத ஞாயிறும் சபைக்குப் போக மனசு வரவில்லை என்று உண்மையைச் சொன்னாய். பொய் சொல்லாத பிள்ளையாக உன்னை வளர்த்ததும் அவர்தான், அன்றைக்கு நீ பொய் சொல்லாததற்குக் குதித்ததும் அவர்தான். "அப்படின்னா எனக்கு ஒரே பையன்தான்" என்று சொல்லி அவர் போனை வைத்தது உன் காதிலும் விழுந்திருக்கும். அதற்குப் பிறகு வீட்டு ஜெபத்தில் அவர் என் அண்ணன் தொடங்கி அண்ணன் வீட்டுப் பூனை வரைக்கும் பேர் சொல்லி வேண்டுவார், உன் பேர் வராது. நான் நடுவில் இருமி, உன் பேரைச் சத்தமாகச் சொல்லி, அவர் வாயைத் திறக்குமுன் ஆமென் போட்டுவிடுவேன். இதைச் சொல்லும்போது சிரிப்பாக இருக்கிறது, அப்போது சிரிப்பாக இல்லை. எத்தனையோ நாள் அவர்மேல் இருந்த ஆத்திரத்தில் பாத்திரத்தைப் போட்டு உடைத்திருக்கிறேன், நழுவிவிட்டது என்று தம்பியிடம் சொல்லியிருக்கிறேன்.

நம் சபையின் வழக்கம் உனக்கு நினைவிருக்கும். பிரசங்கம் முடிந்ததும் பாஸ்டர் உட்பட எல்லோரும் கண்ணை மூட வேண்டும், இன்றைக்கு ஜீவியத்தை ஒப்புக்கொடுக்கிறவர்கள் கையை உயர்த்த வேண்டும், உயர்த்தியவருக்கு சபைச் செயலாளர் ஒரு தீர்மான அட்டை கொடுத்து நிரப்பி வாங்குவார். செயலாளர் உன் மாமா. நீ போனில் பேசிய அந்த வாரமே உன் அப்பா கையைத் தூக்கினார். அடுத்த ஞாயிறும் தூக்கினார். போன இரட்சிப்பைத் திரும்ப வாங்க வேறு வழி இல்லை என்று வாராவாரம் தூக்க ஆரம்பித்துவிட்டார். போகவே போகாத ஒன்றை இந்த மனுஷன் எப்படி வாரம் தவறாமல் திரும்ப வாங்குகிறார் என்று உன் மாமாவுக்கு உள்ளே கொதிப்பு, ஆனாலும் டிப்போவில் முப்பது வருஷம் வந்த வண்டியைக் குறித்துப் பழகியவர், கை உயர்ந்தால் அட்டை கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கொடுத்தார். மாதக் கடைசியில் எத்தனை அட்டை என்ற எண்ணிக்கையை மட்டும் தலைமைச் சபைக்கு அனுப்பிவிட்டு, அட்டைகளை ஒரு செருப்புப் பெட்டியில் போட்டுப் பீரோவில் பூட்டிவிட்டார். பாஸ்டருக்கு ஏகப்பட்ட வேலை, அவர் எண்ணிக்கையோடு சரி.

போன மாதம் தலைமைச் சபையிலிருந்து கடிதம் வந்தது. சந்துக்குள் இருக்கும் ஒரு சின்னச் சபையில் ஏழு மாதத்தில் முப்பத்துநான்கு ஆத்துமாக்கள் வந்திருக்கிறார்கள், இது பெரிய எழுப்புதல், மேற்பார்வை ஐயாவே நேரில் வந்து புது விசுவாசிகளைப் பார்ப்பார், பெரிய கட்டடம் பற்றியும் பேசலாம் என்று. பாஸ்டர் அதை ஆராதனையில் வாசித்தார். எல்லோரும் ஸ்தோத்திரம் சொல்லிவிட்டுத் திரும்பித் திரும்பிப் பார்த்தோம். அதே பழைய முகங்கள் அதே பழைய இடங்களில் உட்கார்ந்திருந்தன. புதிதாக வந்தவர்கள் மோட்டார் ரிப்பேர் செய்பவரும் அவர் பெண்சாதியும் அவருடைய மாமியாரும் மட்டும்தான், மாமியாரும் மருமகனுக்குக் காவலாக வருகிறவர்.

பாஸ்டர் பெட்டியைத் திறக்கச் சொன்னார். முப்பத்துநான்கில் முப்பத்தொன்று உன் அப்பாவின் கையெழுத்து. ஏன் மனந்திரும்புகிறீர்கள் என்ற இடத்தில் மனுஷன் ஒளிவுமறைவில்லாமல் எழுதியிருக்கிறார். வாடிக்கையாளரிடம் நாளைக்கு ரெடி என்று பொய் சொன்னேன். மச்சான்மேல் கோபம். மறுபடியும் நாளைக்கு ரெடி என்று சொன்னேன், அதே வாடிக்கையாளர். மச்சான்மேல் கோபம், பழைய கோபம்தான். இதையெல்லாம் வாங்கி வைத்த மச்சானை நினைத்துப் பார். ஆனால் எல்லா அட்டையிலும் கடைசி வரி ஒன்றுதான், மன்னிக்க முடியவில்லை என்று இருந்தது, யாரை என்று இல்லை. பாஸ்டர் கேட்டதற்கு, அது எனக்கும் ஆண்டவருக்கும் உள்ளது என்று சொல்லிவிட்டார். உன் மாமா அது தன்னைத்தான் என்று முடிவுகட்டி, மறுநாள் காலையில் ஒரு ரொட்டிப் பாக்கெட்டோடு வந்து, "நான் அன்னைக்குப் பேசினது அதிகம்தான் மாப்ள" என்று கண் கலங்கி நின்றார். உன் அப்பா அவரைத் திருத்தவில்லை, ரொட்டியை வாங்கிக்கொண்டார். யாரை என்று எனக்குத் தெரியும். அடுக்களைக்குள் போய் நின்று அழுதேன்.

போன வியாழக்கிழமை மேற்பார்வை ஐயா வந்தார். பெரிய ஆளாக இருப்பார் என்று பார்த்தால் குள்ளமாக, களைத்துப்போய், பஸ்ஸில் கண்ணாடிமேலேயே உட்கார்ந்துவிட்டு அதைக் கையில் பிடித்தபடி வந்து சேர்ந்தார். பாஸ்டர் வழியிலேயே உண்மையைச் சொல்லிவிட்டாராம். அவர் நேராக நம் கடைக்கு வந்து, கண்ணாடியை உன் அப்பாவிடம் கொடுத்துவிட்டு, கடையில் இருந்த ஒரு பழைய கண்ணாடியை மாட்டிக்கொண்டு முப்பத்தொரு அட்டையையும் ஒன்று விடாமல் படித்தார், சிரிக்கவில்லை. நான் டீ கொண்டுபோனேன். இன்றைக்குத் தீர்ப்பு வந்துவிடும் என்று உன் மாமா கோர்ட்டில் நிற்பதைப்போல நின்றார், உன் அப்பா தலையைத் தூக்காமல் கண்ணாடியின் காலைச் சரிசெய்துகொண்டிருந்தார். அந்த ஐயாவோ இழக்கலாம் என்றும் சொல்லவில்லை, இழக்க முடியாது என்றும் சொல்லவில்லை, வந்தது வந்துவிட்டேன், குடும்ப விவரப் படிவத்தையாவது நிரப்பிவிட்டுப் போகிறேன் என்று ஒரு தாளை எடுத்தார். பேர் கேட்டார், தொழில் கேட்டார், பிள்ளைகள் எத்தனை என்று கேட்டார். உன் அப்பா வாயில் கண்ணாடிக் காலை மாட்டும் பொடி ஆணியைக் கவ்வியிருந்ததால் பேச முடியவில்லை, வேலையைப் பார்த்துக்கொண்டே இரண்டு விரலைக் காட்டினார்.

காட்டின பிறகுதான் காட்டினது அவருக்கே தெரிந்தது. வாய் திறந்தது, ஆணி கீழே விழுந்தது. அது எறும்புத் தலை அளவு இருக்கும், எல்லோரும் குனிந்து தேட ஆரம்பித்தோம், மேற்பார்வை ஐயாவும் மண்டியிட்டார். மேஜைக்கு அடியில் இருந்து உன் அப்பா மெதுவாக, "பெரியவ வெளியூர்ல இருக்கா, சபைக்குப் போறதில்ல, அதையும் எழுதிக்கோங்க" என்றார். அந்த ஐயா தரையைத் தடவிக்கொண்டே, அப்படியானால் ஒன்று என்று போடவா என்று கேட்டார். உன் அப்பா எழுந்த வேகத்தில் மேஜையில் தலை மோதி டீ எல்லாம் அட்டைகள்மேல் கொட்டியது. "சபைக்குப் போகலேன்னா எம்மக இல்லேன்னு ஆயிடுமா, எவன் சொன்னது" என்று கத்தினார். தெருவில் போன ஆள் நின்று பார்த்தார். யார் சொன்னது என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. உன் மாமா மட்டும் திறந்தார், முப்பது வருஷ வழக்கில் உன் அப்பாவே அவர் பக்கம் பேசிவிட்ட நேரம் அது, என் கண்ணைப் பார்த்துவிட்டுத் திரும்ப மூடிக்கொண்டார். அதற்காக என் அண்ணனுக்கு ஒரு வாரம் முட்டை பொரித்துக் கொடுக்கலாம். ஐயா படிவத்தில் இரண்டு என்று போட்டார். உன் அப்பா முகத்தைத் துடைத்துக்கொண்டு, அரை மணி நேரம் கழித்து வேறு ஆணி போட்டு கண்ணாடியைக் கொடுத்தார், காசு வாங்கவில்லை.

பெரிய கட்டடம் இல்லை என்று ஆகிவிட்டது, எண்ணிக்கை திருத்தி எழுதப்பட்டது, பாஸ்டர் இப்போது பெட்டிச் சாவியைத் தானே வைத்திருக்கிறார். இரட்சிப்பு போகுமா போகாதா என்று எனக்குச் சொல்லத் தெரியாது மகளே, அதைப் படித்தவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். நீ சபைக்குப் போகாதது எனக்கு வருத்தம்தான், அதை மறைக்க மாட்டேன், கேட்டுக்கொண்டேதான் இருப்பேன், நீயும் உள்ளதைச் சொல்லிக்கொண்டே இரு. ஆனால் அதற்காக எங்களுக்கு ஒரு பிள்ளை குறைந்துவிடாது. எட்டு மாதமாக நீ அவருக்குப் போன் செய்யாதது ரோஷம் என்று எனக்குத் தெரியும், அந்த ரோஷம் யாரிடமிருந்து வந்தது என்றும் தெரியும்.

இவ்வளவு எழுதும்போது அவரே வந்து பின்னால் நின்று முழுவதையும் படித்துவிட்டார். எதை அடிக்கச் சொல்வாரோ என்று பார்த்துக்கொண்டிருந்தேன். என் கையெழுத்து வரவர மோசம் என்றார். பிறகு கடையின் புது போன் நம்பர் அவளிடம் இருக்கிறதா என்று கேட்டார். எப்படி இருக்கும், நீங்கள் எப்போது கொடுத்தீர்கள் என்றேன். பேனாவைப் பிடுங்கிக்கொண்டார், கீழே பார்த்துக்கொள்.

கர்த்தர் உன்னை ஆசீர்வதித்து, போகும்போதும் வரும்போதும் காப்பாராக. தலைக்கு எண்ணெய் வை. பல் வலியைத் தள்ளிப்போடாதே, டாக்டரிடம் போ.

இப்படிக்கு,
உன் அன்பு அம்மா

கடை நம்பர் தாளின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். காலை ஒன்பது மணிக்குள் கூப்பிடு, அந்த நேரம் கடையில் யாரும் இருக்க மாட்டார்கள், மாமாவும் வந்திருக்க மாட்டார். எடுக்கத் தாமதமானால் வைத்துவிடாதே. வந்துகொண்டிருப்பேன்.
அப்பா