வியர்வை நின்ற மதியம்

மதினி, இன்று காலை ஆலங்குடி பஸ்ஸில் யாரோ முந்திரிப் பழக் கூடையை ஏற்றினார்கள். அந்த வாசனை வந்ததும் பக்கத்து சீட்டைத் திரும்பிப் பார்த்தேன். நீங்கள் இருப்பீர்கள் என்று இந்த வயதிலும் மனம் ஏமாறுகிறது.

தோப்பில் நாம் இருவரும் எப்போதும் பக்கத்துப் பக்கத்து மரந்தான். பழத்தைத் திருகிக் கொட்டையைத் தனியே போட்டபடி ஊர்க்கதை எல்லாம் பேசுவீர்கள். நான் சற்று உட்கார்ந்தால், "மகாராணிக்கு விசிறி கொண்டாரவா? எந்திரிடி" என்பீர்கள். வெயில் நமக்கென்ன புதிதா என்றுதான் எல்லோரும் இருந்தோம்.

அன்று உச்சிப்பொழுதில் உங்கள் பேச்சு குழறியது. உடம்பு கொதித்தது, தோலில் ஒரு துளி வியர்வை இல்லை. "காத்துக் கருப்பு அடிச்சிருச்சு" என்றார்கள். ஒருத்தி திருநீறு பூசினாள். ஒருத்தி பூசாரியை அழைக்க ஓடினாள். குடம் நிறையத் தண்ணீர் பக்கத்திலேயே இருந்தது. அதை உங்கள் மேல் ஊற்ற வேண்டும் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. ஆஸ்பத்திரி சேருமுன் போய்விட்டீர்கள்.

பிறகு ஊருக்கு வந்த நர்ஸம்மா சொன்னார்: "இது பழைய வெயில் இல்லங்க ஆத்தா. பூமியே சூடாயிட்டு வருது, ராத்திரிகூட ஒடம்பு ஆற மாட்டேங்குது. பேச்சு ஒளறுனா மொதல்ல நெழலு, மேல தண்ணி, ஒடனே ஆம்புலன்ஸ்." இதைச் சொல்ல ஏன் முன்னமே ஒருவரும் வரவில்லை? அந்தக் கோபம் ஆறவில்லை. ஆறவும் விடமாட்டேன்.

விடியும்போதே வேலைக்கு வருகிறோம், பதினொரு மணிக்கு நிறுத்திவிடுவோம் என்று மேஸ்திரியிடம் சொன்னேன். "வெயிலுக்குப் பயந்தா வீட்ல இருங்க" என்றார். "அப்ப நீங்களே பொறுக்கிக்கங்க" என்று பெண்களை எல்லாம் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். பழம் தரையில் அழுகத் தொடங்கிய பிறகுதான் ஒத்துக்கொண்டார்.

இந்தக் கோடையில், வேலையை நிறுத்தப்போகிற நேரத்தில், செல்வி தன் பிள்ளையின் பெயரை மாற்றி மாற்றிச் சொன்னாள். யாரும் பூசாரியைத் தேடவில்லை. நிழலுக்குத் தூக்கினோம், தண்ணீரை ஊற்றினோம், துண்டால் விசிறினோம். ஆம்புலன்ஸ் வருவதற்குள் கண் திறந்துவிட்டாள்.

"ஏன் ஆத்தா, இருக்கிறதே ஒரு நல்ல சேல. இப்பிடியா முக்கி எடுப்பீங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் மட்டும் மரத்துக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டேன். நீங்கள் நனைந்த சேலையோடு எழுந்து உட்கார்ந்து என்னைத் திட்டுவது எத்தனையோ நாளாக என் காதில் கேட்கிறது மதினி. ஒரே ஒரு தடவை அது நடந்திருக்கலாம்.