சூடானால் நிற்கிற வண்டி

மார்ச் 4, செவ்வாய்

அவர் வந்திருக்கிறார். மாதம் ஒருமுறை வருகிறவர், இந்தத் தடவை மூன்று மாதம் கழித்து. வேலை பார்க்கும் ஊரிலிருந்து வரும் வழியில் கார் இரண்டு இடத்தில் அணைந்துவிட்டதாம். ஆறவிட்டால் மறுபடி கிளம்புகிறதாம். வாசலில் என்னைப் பார்த்ததும் முதல் பேச்சே, "வண்டியக் கொஞ்சம் பாரேன்." மெக்கானிக்கைக் கட்டிக்கொண்டால் வேறென்ன கேட்பார் என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

மகனைக் கண்டதும் அத்தையின் முட்டிவலி பறந்துவிட்டது. அடுப்படியை விட்டு வெளியே வரவேயில்லை.

மார்ச் 5, புதன்

வண்டியின் கோளாறைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டினேன். கேம்ஷாஃப்ட் சென்சார் கோளாறு என்றது. கட்டைவிரல் அளவு சாமான். எஞ்சினுக்குள் சுற்றும் கேம்ஷாஃப்ட் தண்டு எந்த நிலையில் இருக்கிறது என்று வண்டியின் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். அந்தத் தகவல் அறுந்தால் இந்த வண்டியில் எஞ்சின் அணைந்துவிடும். புதிய சென்சார் வாங்கி மாட்டினேன். தெருவை ஒரு சுற்று சுற்றினேன், நன்றாகத்தான் ஓடியது.

"அவ்வளவுதானா? அப்ப நாளைக்கே கிளம்பிடறேன்."

வந்த கால் ஆறுவதற்குள் என்ன அவசரம் இவருக்கு?

மார்ச் 6, வியாழன்

மேம்பாலம் ஏறுவதற்குள் போன். நின்றுவிட்டது. கயிறு கட்டி இழுத்து வந்தோம். தப்பு என்மேல்தான். ஸ்கேனர் பெயரைச் சொன்னதும் சாமானை மாற்றுவதா? சென்சாருக்கு மின்சாரம் வருகிறதா, அது அனுப்புவது போய்ச் சேருகிறதா என்று பார்க்க வேண்டாமா?

ஆனாலும் உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். இன்னும் இரண்டு நாள் இருப்பார். எனக்கு வெட்கமே கிடையாது.

மார்ச் 7, வெள்ளி

சூடேறும்வரை ஓட்டினால்தான் கோளாறு வெளியே வரும் என்று அவரையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். நான் ஓட்ட, அவர் மடியில் ஸ்கேனர். கிடங்குகளைத் தாண்டி, மூடிக்கிடக்கும் ஆலையின் மதிலோரம் வந்தபோது இருமல் மாதிரி ஒரு குலுக்கு. அணைந்துவிட்டது. ஸ்கேனரில் சென்சாரின் கோடு தரையில் படுத்துவிட்டது. "மாட்டிக்கிச்சு பாத்தீங்களா!" என்று துள்ளினேன்.

ஆறும்வரை சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். அப்போதுதான் சொன்னார், மதிலைப் பார்த்துக்கொண்டு.

"நான் இனிமே அங்கயே இருந்துடலாம்னு இருக்கேன்."

"வேலைய நிரந்தரம் பண்ணிட்டாங்களா?" என்று கேட்டேன். மக்கு. மக்கு நான்.

"அது இல்ல. அங்க ஒருத்தி இருக்கா. கூட வேலை செய்றவ."

ஸ்கேனரை அவர் மடியிலிருந்து எடுத்துக்கொண்டேன். அவர்தான் மறுபடியும், "அம்மாவையும் கூட்டிட்டுப் போயிடறேன். உனக்கு எதுக்கு பாரம்?"

பாரமாம்! பொம்பளை மெக்கானிக்கா என்று தயங்குகிறவர்களை, பட்டறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "உன் வண்டிக்கு ஆம்பள பொம்பள தெரியுமாப்பா?" என்று வாயடைக்கிறவர் அத்தை. அவரா எனக்குப் பாரம்? இதைக்கூடப் பக்கத்தில் இருந்தவரிடம் கேட்கவில்லை.

சாவியைத் திருப்பினேன். கிளம்பிவிட்டது. வீடுவரை நானே ஓட்டினேன்.

மார்ச் 8, சனி

பட்டறை திறக்கவில்லை. தலைவலி என்று அத்தையிடம் பொய். விஷயத்தை அம்மாவிடம் அவரே சொல்லிக்கொள்ளட்டும்.

மார்ச் 9, ஞாயிறு

அவர் வெளியே போயிருந்தார். கை சும்மா இருக்க மாட்டேன் என்றது. எஞ்சினை ஓடவிட்டுச் சூடேற்றி, சென்சாருக்குப் போகும், டேப் சுற்றிய வயர்களை விரற்கடை விரற்கடையாக ஆட்டிக்கொண்டே வந்தேன். டார்ச் பிடித்தது அத்தை. ஒரு இடத்தில் தொட்டதும் பொட்டென்று அணைந்தது. டேப்பைப் பிரித்தால், ஒரு இரும்புத் தகட்டின் விளிம்பில் உரசி உரசி வயரின் உறை தேய்ந்திருக்கிறது. சூட்டில் இளகும்போது செம்புக்கம்பி தகட்டைத் தொடுகிறது. ஆறினால் விலகிக்கொள்கிறது. பாவம், பழைய சென்சார் மேல் குற்றமே இல்லை.

டேப்பை மறுபடி சுற்றி, பானட்டை மூடிவிட்டேன். அத்தை டார்ச்சை அணைத்தார். அவர் வந்து கேட்டதற்கு, "இன்னும் தெரியல" என்றேன்.

மார்ச் 10, திங்கள்

அத்தை பட்டறைக்கு வந்தார். காலையில் மகன் சொல்லிவிட்டிருக்கிறான். கண் இரண்டும் வீங்கியிருந்தன.

"நேத்தே கண்டுபிடிச்சிட்டே இல்ல?"

"ம்."

"அவன்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா கிளம்பிடுவாரு அத்தை."

நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "ரெண்டு அறை விட்டேன். வாங்கிக்கிட்டுக் கல்லு மாதிரி நிக்கிறான். அவன் இனி திரும்ப மாட்டான்மா. ஆனா நடுரோட்ல வண்டி நின்னு, பின்னாடி லாரி வந்து ஏறிடுச்சுன்னா? பெத்துத் தொலைச்சிட்டேனே. சரி பண்ணிக் குடுத்துடு."

"நீங்களும் போறீங்களா?"

"போகாம? நீ சின்னவ. நாளைக்கு உனக்குன்னு ஒரு வாழ்க்க அமைஞ்சா, மாமியாக்காரி ஒருத்தி குறுக்க நிக்கக் கூடாது."

"நிக்கட்டுமே" என்றேன்.

மார்ச் 11, செவ்வாய்

தேய்ந்த இடத்தை வெட்டி, பற்றவைத்து, புது உறை போட்டு, தகடு பக்கமே போகாதபடி வயரைத் தள்ளிக் கட்டினேன். தனியாக எடுத்துக்கொண்டு நெடுஞ்சாலையில் போனேன். ஒரு தடவையாவது நின்றுவிடாதா என்று மனசு அடித்துக்கொண்டது. நிற்கவில்லை. திரும்பும் வழியில் ஓரங்கட்டி அழுதேன். எஞ்சின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

மார்ச் 12, புதன்

போய்விட்டார்கள். அத்தை முன்சீட்டில் உட்காரமாட்டேன் என்று பின்னால் ஏறிக்கொண்டார். "ஒழுங்கா சாப்பிடு" என்றார் என்னிடம். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தவர் என்னைப் பார்க்காமலே "வரேன்" என்றார். போகிறவர் எதற்கு அப்படிச் சொல்ல வேண்டும்?

ஏப்ரல் 2, புதன்

வேனுக்கு பிரேக் மாற்றிக்கொண்டிருந்தபோது அத்தையிடமிருந்து போன். கிரீஸ் கையோடு எடுத்தேன். சாப்பிட்டியா, முட்டிக்கு எண்ணெய் தீர்ந்துபோச்சு, இங்கே மாடிப்படி அதிகம் என்று என்னென்னவோ பேசினார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இவளும் அத்தைன்னுதான் கூப்பிடறா. எனக்குத்தான் சட்டுனு திரும்பத் தோண மாட்டேங்குது."

வண்டி எப்படி ஓடுகிறது என்று கேட்டேன்.

"அதுக்கென்ன, நீ செஞ்சது. எங்கயும் நிக்கலம்மா."